கேப்டன் உட்கார்ந்து சாப்பிட்ட மாலை

எங்கள் ஊர் ஏரிக்கரை உணவகத்தில் மீன் பொரிப்பதும் சுடுவதும் என் வேலை. இருபத்திமூன்று வருஷமாக அதைத்தான் செய்கிறேன். என்னைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. சொல்ல வந்தது கேப்டனைப் பற்றி.

கேப்டன் என்றால் கப்பல் ஓட்டுகிறவர் இல்லை. பெரிய உணவகங்களில் பரிமாறுகிறவர்களுக்கு மேலே ஒருவர் இருப்பார். வருகிறவர்களை வாசலில் வரவேற்று, மேசை காட்டி, என்ன வேண்டும் என்று கேட்டு, எந்தத் தட்டு எப்போது போக வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்று பார்த்துக்கொள்பவர். அவரைத்தான் எங்கள் தொழிலில் கேப்டன் என்போம். ஏரிக்கரையில் வேலை, பதவி கேப்டன் என்றதும் பெண் கொடுத்த மாமியார் அவரைப் படகு ஓட்டுகிறவர் என்றே நினைத்துவிட்டார். கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்து உறவுக்காரர்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, "மாப்ள, எங்கள ஒரு சுத்து கூட்டிட்டுப் போங்க" என்று நின்றார். இவர் ஒன்றும் சொல்லாமல் பக்கத்துப் படகுத்துறையில் ஒரு படகை வாடகைக்கு எடுத்து, தானே துடுப்புப் போட்டு, ஏரியைச் சுற்றிக் காட்டிவிட்டு வந்தார். உள்ளங்கை இரண்டும் கொப்புளம். மாமியாருக்குக் கடைசி வரை உண்மை தெரியாது. ஒருவர் வாய்விட்டுக் கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்ல அவருக்கு வராது.

எங்களுடையது சின்ன ஊர். ஒரு கடைத்தெரு, ஒரு பஸ் நிலையம், இரண்டு பள்ளிக்கூடம். இந்த உணவகம் மட்டும் ஊருக்குச் சம்பந்தமில்லாத பெரிய இடம். பாதிக் கட்டடம் கரையில், பாதி தண்ணீருக்கு மேல் மரத்தூண்களில் நிற்கிறது. மூன்று பக்கம் கண்ணாடி, வெள்ளை மேசைவிரிப்பு, மடித்து நிறுத்திய கைத்துணி. வெளியூர்க்காரர்கள் வாரா வாரம் வருவார்கள். உள்ளூர்க்காரர்கள் கல்யாணம் நிச்சயமானால் ஒரு தடவை, பையனுக்கு வேலை கிடைத்தால் ஒரு தடவை வருவார்கள். வந்து, எந்தக் கரண்டியை முதலில் எடுப்பது என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அப்போது கேப்டன் பக்கத்தில் வந்து, எதற்கோ குனிகிற மாதிரி குனிந்து, சரியான கரண்டியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைப்பார். அவர்களுக்கு உதவி செய்தார் என்பது அவர்களுக்கே தெரியாது. அந்த மாதிரி வேலைக்காரர் அவர்.

ஆர்டரை எழுதிக்கொள்ள மாட்டார். பத்துப் பேர் மேசையில் யாருக்கு எலுமிச்சை கூடாது, யாருக்கு இடது கைப் பழக்கம், யார் இரண்டு வருஷத்துக்கு முன் வந்தபோது சூப்பைத் திருப்பி அனுப்பினார் எல்லாம் தலையில் இருக்கும். அவர் கண் எப்போதும் விருந்தாளிகளின் தட்டில்தான். கத்தியும் முள்கரண்டியும் தட்டில் குறுக்காகக் கிடந்தால் இன்னும் சாப்பிடுகிறார்கள், கிட்டே போகக் கூடாது. பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்துவிட்டால் முடிந்தது, தட்டை எடுக்கலாம். எடுக்கலாம் என்ன, கேப்டனின் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். "வெச்ச தட்டு மூச்சு விடுறதுக்குள்ள எடுக்கணும்" என்பார் புதிதாகச் சேர்கிறவர்களிடம். காலி தட்டைப் பார்த்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தால் அவருக்கு உடம்பெல்லாம் அரிக்கும். இருபத்தேழு வருஷத்தில் அவர் கை அந்த வேலையைப் படித்துக்கொண்டது. மூளையைக் கேட்காமலே போகும், எடுக்கும், இடது முழங்கையில் அடுக்கும்.

உட்காருவது மட்டும் அவருக்குத் தெரியாது. மாலை நாலு மணிக்கு நாங்கள் எல்லோரும் சமையலறைப் பின்பக்கம் காய்கறிக் கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து சாப்பிடுவோம். அவர் காஸ் சிலிண்டர் பக்கத்தில் நின்றபடி, தட்டை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, ஐந்தே நிமிஷத்தில் முடித்துவிடுவார். தன் கல்யாணப் பந்தியிலேயே பாதியில் எழுந்து போய்ப் பெண் வீட்டாருக்குத் தண்ணீர் ஊற்றினவர். மகள் பிறந்தநாளுக்குக் குழந்தைகள் நடுவில் தட்டை ஏந்திக்கொண்டு சுற்றினவர். பகலில் வீட்டில் மனைவி சாப்பிட உட்கார்ந்தால் செம்புத் தண்ணீரோடு பக்கத்தில் நிற்பார். ராத்திரி இவர் வீடு திரும்பும்போது அவள் தூங்கியிருப்பாள், அடுப்படியில் நின்றே சாப்பிட்டுவிடுவார். இதெல்லாம் எனக்கு அவர் மனைவி சொல்லித் தெரியும்.

"எனக்கு வீட்டுல புருஷன் இல்லக்கா, வெயிட்டர்தான் இருக்கார்" என்று ஒரு தடவை சொன்னாள். "சாப்பிட்டு எந்திரிக்கும்போது டிப்ஸ் வெக்கணுமான்னு தெரியல."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளும் சிரித்தாள். அதைச் சிரிக்கிற விஷயமாக எடுத்துக்கொண்டது என் முட்டாள்தனம்.

அவள் தையல்காரி. எங்கள் உணவகத்தின் மேசைவிரிப்பு, கைத்துணி எல்லாம் பல வருஷமாக அவள் கையால் ஓரம் அடித்தவை. செவ்வாய்க்கிழமைகளில் பின்வாசலுக்கு மூட்டையோடு வருவாள். நான் ஒரு டீ கொடுப்பேன். படியில் உட்கார்ந்து குடித்துவிட்டுப் பழைய துணிகளை எடுத்துக்கொண்டு போவாள். முன்வாசல் வழியாக ஒரு நாளும் வந்ததில்லை. தான் தைத்த துணி மேசையில் விரித்துக் கிடப்பதைச் சமையலறைக் கதவு ஆடும் இடைவெளியில்தான் பார்த்திருக்கிறாள்.

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தாள். மகள் பெரிய நகரத்தில் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். கைக்குழந்தைக்காரி. மாப்பிள்ளை மாதத்தில் பாதி நாள் வெளியூர். அம்மா வந்து தன்னோடேயே இருந்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாளாம். தையல் மெஷினுக்கு ஜன்னல் பக்கம் இடம்கூட ஒதுக்கிவிட்டாளாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"அவரு என்ன சொல்றாரு?" என்றேன்.

"உன் இஷ்டம்னு சொல்றார்க்கா. கேட்டத இல்லன்னு சொல்ல மாட்டாரே. போகாதன்னு ஒரு வார்த்த வரல."

"நீ என்ன சொன்ன?"

"ஒரு வேள, ஒரே ஒரு வேள, என் எதிர்ல உக்காந்து ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் சாப்பிடுங்கன்னேன். அதுவும் இங்க. நான் ஓரம் அடிச்ச துணி மேல. இங்க வெச்சு என் பதிலச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்."

"உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? குடும்பத்த வெச்சு யாராவது பந்தயம் கட்டுவாங்களா?"

"பந்தயம் இல்லக்கா. போறதா இருக்கிறதான்னு எனக்கே இன்னும் தெரியல. அவர் எதிர்ல உக்காந்தா தெரிஞ்சிடும்னு தோணுது." ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அன்று சாயங்காலம் கேப்டன் என் அடுப்புப் பக்கம் வந்து நின்றார். அந்த மனிதர் தனக்கென்று யாரிடமும் எதையும் கேட்டுப் பார்த்ததில்லை. "அக்கா, வியாழக்கிழம ஆறு மணிக்கு ஏழாம் மேசை கெடைக்குமா?" என்று என்னிடம் கேட்டார், ஏதோ நான் முதலாளி மாதிரி. ஏழாம் மேசை தண்ணீர் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் தளத்தின் கடைசியில் இருக்கிறது. இரண்டே நாற்காலி. அதற்கு அப்பால் இரும்புக் கம்பியும் ஏரியும்தான்.

"நீயும் அவகூடப் போயேன். மக வீடுதான?" என்றேன்.

"அங்க ரெண்டே ரூமுக்கா. நான் எங்க நிப்பேன்?"

எங்கே இருப்பேன் என்றுகூட அவருக்குக் கேட்க வரவில்லை பாருங்கள். எனக்கு வந்த கோபத்தில் ஒரு மீனைக் கருக்கிவிட்டேன். அப்புறம் முதலாளியிடம் நானே போய்ப் பேசினேன். "கேப்டன் உக்காந்துட்டா யாரு நிக்கிறது?" என்றார் அவர். "நீங்க நில்லுங்க" என்றேன். முறைத்தார். ஆனாலும் சம்மதித்தார்.

புதன், வியாழன் இரண்டு நாளும் நாலு மணிச் சாப்பாட்டுக்கு ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டுக் கேப்டனை உட்கார வைத்துப் பழக்கினேன். முதல் நாள் ஏழு நிமிஷம் தாங்கினார். யாரோ ஒரு தம்ளரைக் கீழே வைத்த சத்தத்துக்கு எழுந்துவிட்டார். இரண்டாம் நாள் பதினைந்து நிமிஷம். முழங்கால் இரண்டும் ஆடிக்கொண்டே இருந்தன. "நல்லா வந்துடும்க்கா" என்றார், பரீட்சைக்குப் போகிறவர் குரலில். பரிமாறுகிறவர்கள் எல்லோரையும் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அவர் பக்கம் யாரும் பார்க்கக் கூடாது, எதுவும் கேட்கக் கூடாது, வீடு பற்றி எரிந்தாலும் கூப்பிடக் கூடாது.

ஏழாம் மேசைக்குப் பரிமாற வேண்டியது அவசரம். அவசரம் என்பது ஆளின் பட்டப்பெயர். நாற்பது வயசு, எதையும் நிதானமாகச் செய்யத் தெரியாது, ஆனால் காது கூர்மை. சமையலறைக்கும் மேசைக்கும் நடுவே அவன்தான் அன்று எனக்கு வானொலி. தட்டு வைத்துக் கொடுக்கும் ஜன்னலில் கொஞ்சம் எக்கி நின்றால் ஏழாம் மேசை எனக்கும் தெரியும், பேச்சுதான் கேட்காது.

ஆறு மணிக்கு வந்தார்கள். முன்வாசல் வழியாக. உள்ளேயிருந்து ஆயிரக்கணக்கான தடவை திறந்துவிட்ட கதவை வெளியே நின்று இழுப்பதா தள்ளுவதா என்று தெரியாமல் கேப்டன் தள்ளிக்கொண்டிருந்தார். முதலாளி ஓடிப்போய்த் திறந்தார். திறந்த கதவைக் கேப்டன் பிடித்துக்கொண்டார். பின்னால் வந்த ஒரு குடும்பம் ஆறு பேரும் உள்ளே போகும் வரை பிடித்துக்கொண்டே நின்று, ஒவ்வொருவருக்கும் தலையசைத்தார். அவள் கைப்பையைப் பிடித்தபடி காத்திருந்தாள். இது தேறாது என்று அங்கேயே நினைத்தேன். ஆனால் அதற்கப்புறம் நேராக ஏழாம் மேசைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். நீல முழுக்கைச் சட்டை, மடிப்புக் கலையாமல் இருந்தது. அவளே தைத்திருப்பாள்.

ஏரியைப் பார்த்த நாற்காலியை அவளுக்குக் கொடுத்திருந்தார். பெண்களுக்கு எப்போதும் அதைத்தான் கொடுப்பார், மரியாதைக்கு. உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அந்த நேரத்து வெயில் நேராக அவள் கண்ணில் அடிக்கிறது. இருபத்தேழு வருஷமாக மரியாதை என்று நினைத்து எத்தனை பெண்களைக் கண் கூச வைத்திருக்கிறோம் என்று அவருக்கு முகம் செத்துப்போயிற்று. "எந்திரி, நான் அங்க உக்கார்றேன்" என்றாராம்.

"நீங்க எந்திரிக்கவே கூடாது" என்று அவள் தன் நாற்காலியை அவர் பக்கம் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். இப்போது இரண்டு பேரும் முக்கால்வாசி ஒரே பக்கம் உட்கார்ந்திருந்தார்கள்.

சூப் போயிற்று. ரொட்டி போயிற்று. அவள் மேசைவிரிப்பின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போய் ஒரு மூலையில் நிறுத்தினாள்.

"இது பாப்பாவோட பெரிய பரிட்சைக்கு முந்தின நாள் தைச்சது. கூடவே முழிச்சிருந்தேன். தூக்கத்துல தையல் கோணிடுச்சு, இங்க பாருங்க."

"தெரியும்" என்றார் அவர். "அதனாலதான் இந்த மூலைய எப்பவும் கம்பிப் பக்கம் திருப்பிப் போடுவேன். யாரும் பாத்ததில்ல."

"இத்தன வருஷமாவா?"

"இத்தன வருஷமாத்தான்."

அவசரம் வந்து இதைச் சொன்னபோது காய்கறி நறுக்குகிறவள் கத்தியை வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினாள். நான் அவளை அதட்டினேன். என் கண்ணும் எரிந்தது, அடுப்புப் புகை என்று சொல்லிக்கொண்டேன். ஜன்னலில் எக்கிப் பார்த்தால், அவர் மனைவி வாயைக் கைத்துணியால் மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். பல வருஷம் பின்வாசல் படியில் பார்த்த முகம்தான், இந்த அழகு எனக்குத் தெரியாது.

சோதனை ஒவ்வொன்றாக வந்தது. முதலில் அவசரம் தன் பெயரைக் காப்பாற்றினான். மூன்றாம் மேசைக்குக் கொண்டுபோன கண்ணாடித் தம்ளர் ஆறும் தரையில் விழுந்து நொறுங்கின. இடமே அதிர்ந்து திரும்பியது. கேப்டன் திரும்பவில்லை. மேசைவிரிப்பை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஏரியையே பார்த்தார். அவள் தன் கையை அவர் கை மேல் வைத்தாள். பிறகு வாரா வாரம் வரும் ஒரு வக்கீல், தூரத்திலிருந்தே, "கேப்டன், நமக்கு வழக்கமானது சொல்லிடுங்க" என்று கையைத் தூக்கினார். சமையலறையில் எல்லோரும் ஜன்னலுக்கு ஓடி வந்தோம். கேப்டன் உட்கார்ந்த இடத்திலிருந்தே தலையை மட்டும் திருப்பினார்.

"மன்னிக்கணும் சார். இன்னிக்கு நானே விருந்தாளிங்க."

நாங்கள் சத்தமில்லாமல் கைதட்டினோம். வக்கீல்கூடச் சிரித்துவிட்டு வணக்கம் வைத்தார். அதற்கப்புறம் கேப்டனின் முழங்கால் ஆடவில்லை. மீனை நானே வைத்து அலங்கரித்து அனுப்பினேன், இருக்கிறதிலேயே நல்ல துண்டம் இரண்டு. முழங்கையை மேசை மேல் ஊன்றிக்கொண்டு, பேசிப் பேசி, முள் எடுத்து எடுத்துச் சாப்பிட்டார். அந்த மனிதர் மெல்லுவதையே நான் அன்றுதான் பார்த்தேன். ஜெயித்துவிட்டார் என்று நினைத்தேன். நிம்மதியாக என் வேலையைப் பார்க்கத் திரும்பினேன். திரும்பியிருக்கக் கூடாது.

ஏழு மணிக்கு ஒரே நேரத்தில் நாலு மேசை நிறைந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு சட்டியில் மீன், ஓவனில் ஒரு தட்டு, ஏழாம் மேசைக்குப் புட்டிங் இரண்டு தயாராக ஜன்னலில் இருக்கிறது. குனிந்து சாஸ் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஆடும் கதவைத் தள்ளிக்கொண்டு யாரோ வந்தார்கள். எச்சில் தட்டு இரண்டு கழுவுமிடத்தில் இறங்கிய சத்தம் கேட்டது. நிமிராமலே, பழக்கத்தில், புட்டிங் தட்டு இரண்டையும் எடுத்து நீட்டினேன்.

"ஏழு. ரெடி. எடு."

"எடுத்துட்டேன்க்கா" என்ற குரல் வாங்கிக்கொண்டு போயிற்று.

கதவு இரண்டு தடவை ஆடி நின்ற பிறகுதான் அது அவசரத்தின் குரல் இல்லை என்று உறைத்தது. கழுவுமிடத்தைப் பார்த்தேன். மேலே இருந்த தட்டில் பாதி மீன் அப்படியே இருந்தது. கத்தியும் முள்கரண்டியும் பக்கத்தில் பக்கத்தில், ஒட்டி, நேராக. சுத்தமான பெண் அவள். எதை வைத்தாலும் நேராகத்தான் வைப்பாள்.

ஜன்னலுக்கு ஓடினேன். நீலச் சட்டை ஏழாம் மேசைப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. அவள் முன்னால் புட்டிங்கை வைத்தார். தனக்கு வைத்துக்கொள்ள வேண்டிய தட்டை தன் காலி நாற்காலிக்கு முன்னால் வைத்தார். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டி, கொஞ்சம் குனிந்து, ஏதோ கேட்டார். என்ன கேட்டார் என்று அடுத்த மேசையில் நின்ற அவசரம் சொன்னான்.

"வேற ஏதாவது வேணுங்களா, மேடம்?"

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள் என்கிறான் அவசரம். அப்புறம் சொன்னாளாம், "வேணாங்க. போதும்."

அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது, தான் நின்றுகொண்டிருக்கிறோம் என்று. தன் கையைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், உட்கார்ந்தார். ஏதேதோ சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். புட்டிங்கை முழுவதும் சாப்பிட்டாள். நன்றாக இருக்கிறது என்று எனக்குச் சொல்லி அனுப்பினாள். போகும்போது முன்வாசலில் அவர் கதவைத் திறந்துவிட, அவள் ஒரு விருந்தாளி மாதிரி தலையசைத்துவிட்டு வெளியே போனாள். ஞாயிற்றுக்கிழமை மகளுக்குப் போன் போட்டு வருகிறேன் என்று சொன்னாள். பத்து நாளில் மெஷினைக் கட்டி பஸ்ஸில் ஏற்றியாயிற்று. கேப்டன்தான் ஏற்றிவிட்டார். ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்துவிட்டு, பஸ் கிளம்பிய பிறகும் அங்கேயே நின்றாராம்.

எனக்கு அவள் மேல் ஆத்திரம். ஒரு தட்டை எடுத்ததற்காகவா ஒருத்தி இருபத்தாறு வருஷக் குடும்பத்தை விட்டுவிட்டுப் போவாள்? நாலு மாதம் பேசவில்லை. பிறகு அவளே ஒரு நாள் கூப்பிட்டாள். பேத்தி தவழ்கிறாள், ஜன்னல் பக்கம் நல்ல வெளிச்சம், தையலுக்கு அக்கம்பக்கத்தில் ஆள் வருகிறார்கள் என்று எல்லாம் சொன்னாள். நான் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"தட்ட எடுத்ததுக்காகப் போகலக்கா. அந்தக் குரல்ல என்கிட்ட கேட்டார். எல்லார்கிட்டயும் கேக்கற அதே குரல். ஒரு நிமிஷம் எனக்கே நான் யாருன்னு தெரியல."

"சரி, அந்த நேரத்துல எதுக்கு நீ கத்தி கரண்டிய அப்படி ஒட்டி வெச்ச? அவரோட கை எப்படின்னு உனக்குத் தெரியாதா?"

அந்தப் பக்கம் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

"நான் போகலன்னு சொல்லத்தான்க்கா கீழ வெச்சேன். கை ரெண்டும் காலியா இருந்தா அவரோட கையப் பிடிச்சுட்டு சொல்லலாமேன்னு வெச்சேன். ஏங்கன்னு கூப்பிட்டுட்டேன். அதுக்குள்ள எந்திரிச்சுட்டார்."

போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டேன். "அவர்கிட்ட சொல்லிடாதீங்க. தாங்க மாட்டார்" என்றாள்.

"இப்ப வந்துடேன்" என்றேன்.

"குழந்த என்னை விட்டு இருக்க மாட்டேங்குதுக்கா" என்றாள். அது உண்மையாகவும் இருக்கலாம்.

அன்றிலிருந்து அந்த விஷயம் என் தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது. அவரைச் சொல்கிறேனே, என்னை என்ன சொல்ல? ஒரு கணம் நிமிர்ந்து பார்த்திருந்தால் கரண்டியால் அடித்துத் துரத்தியிருப்பேன். உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டிருப்பார், அவள் சிரித்திருப்பாள், சொல்ல வந்ததைச் சொல்லியிருப்பாள். நான் புட்டிங்கைக் கொடுத்து அனுப்பினேன். என் கையும் மூளையைக் கேட்காத கைதான். மற்றவர்களை வீடு எரிந்தாலும் கூப்பிடக் கூடாது என்று மிரட்டிவிட்டு, கடைசியில் அவரை வேலைக்கு அனுப்பினது நான்.

கேப்டன் இப்போது நாலு மணிச் சாப்பாட்டைக் கூடை மேல் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார். யாரும் சொல்லவில்லை. தனியாக ஒரு கூடையைக் கவிழ்த்து, எதிரில் இன்னொன்றையும் கவிழ்த்துப் போட்டுக்கொள்கிறார். அதில் யாரும் உட்காருவதில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மகள் வீட்டுக்குப் போய்வருகிறார். "உக்கார்றது ஒண்ணும் கஷ்டம் இல்லக்கா" என்றார் ஒரு தடவை திரும்பி வந்து. "ஆனா அங்க அவ பேத்திக்கு ஊட்டிட்டு, நின்னுட்டே சாப்பிட்டுடறா."

எப்போதாவது, கூட்டம் குறைந்த நேரத்தில், அடுப்புப் பக்கம் வந்து நிற்பார்.

"அக்கா, அன்னிக்கு அவ ஏங்கன்னு ஆரம்பிச்சா. என்ன சொல்ல வந்திருப்பா?"

"மீன்ல உப்பு கம்மின்னு சொல்ல வந்திருப்பா."

"உங்க மீன்ல உப்பு கம்மியா இருந்ததே இல்லயேக்கா" என்பார். சொல்லிவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் நிற்பார். நான் சட்டியைத் தேவையில்லாமல் கிளறிக்கொண்டிருப்பேன்.

அவர் வேலை செய்கிற விதம் மாறிவிட்டது. முதலாளி என்னிடம் புலம்புகிறார், கேப்டனுக்கு வயசாகிவிட்டது, தட்டெல்லாம் மேசையிலேயே கிடக்கிறது என்று. போன வியாழக்கிழமை அப்படித்தான். ஏழாம் மேசையில் ஒரு நடுத்தர வயதுத் தம்பதி. பாதி சாப்பாட்டில் அந்த அம்மாள் கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் ஒட்டி வைத்துவிட்டு, கணவன் பக்கம் சாய்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். கேப்டன் நாலடி தள்ளித் தூணோரம் நின்றார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றை ஒன்றால் இறுக்கிப் பிடித்திருந்தார். ஜன்னலில் புட்டிங் இரண்டும் விளக்குச் சூட்டில் தோல் கட்டிக்கொண்டிருந்தன. பத்து நிமிஷம் பார்த்தேன். கால் மணி நேரம் ஆயிற்று. பொறுக்க முடியாமல் கதவைத் திறந்து தலையை நீட்டினேன்.

"கேப்டன், ஏழாம் மேசைல தட்டு வெச்சு எவ்வளவு நேரமாச்சு? எடுக்கலயா?"

அவர் என் பக்கம் திரும்பாமலே, தணிந்த குரலில் சொன்னார்.

"இருங்கக்கா. அந்தம்மா இன்னும் பேசி முடிக்கல."